ஒரு நாள் குஞ்சில் பெட்டையைப் பிரிக்க முடியுமா?

கேள்வி: தை மாதம் சிறுவிடை (சிறிய நாட்டுக்கோழி) குஞ்சுகள் 25 வாங்கினேன். எல்லாம் ஒரு நாள் குஞ்சு. "பெட்டையாகப் பார்த்துப் பொறுக்கித் தருகிறேன்" என்று சொல்லி, விற்றவர் குஞ்சுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்துப் பார்த்துத்தான் பொறுக்கினார். இரண்டு செத்துவிட்டன. இப்போது பத்து வாரம் ஆகிறது. மீதி 23-இல் 12 சேவல் என்று நன்றாகவே தெரிகிறது. ஒன்று கூவவும் ஆரம்பித்துவிட்டது. எட்டு பெட்டை. மூன்று எதிலும் சேராமல் நிற்கின்றன: ஒரு கறுப்பு (கொண்டை சிறியது, கால் மட்டும் தடிமன்), ஒரு செவலை, ஒரு சாம்பல் (கொண்டை வெளுத்து ஓரமாகவே நிற்கிறது, எச்சமும் சரியில்லை). எனக்கு வேண்டியது பத்து முட்டைக்கோழி. தலையில் வெள்ளைப் பொட்டு, முட்டையின் வடிவம், தலைகீழாகப் பிடித்தால் காலை மடக்குகிறதா என்று வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்குபேட்டரில் சூட்டைக் குறைத்தால் பெட்டை கூடும் என்கிறார் பக்கத்து ஊர்க்காரர். எதை நம்புவது?

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

கால்நடை மருத்துவரின் பதில்:

முதலில் கணக்கைப் பார்ப்போம். 23 குஞ்சில் 12 சேவல். கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கைவிட்டு 25 குஞ்சை எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதேதான் வந்திருக்கும். அந்த இறக்கைப் பரிசோதனையால் உங்களுக்கு ஒரு பெட்டைகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. 500 ரூபாய்தான் போனது. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் நம்பித்தான் செய்திருப்பார். பொரிக்கிற குஞ்சில் சேவலும் பெட்டையும் சரிபாதி என்பதால், எந்த முறையைச் சொன்னாலும் பாதி சரியாகத்தான் வரும். சரியாக வந்தவர் நாலு பேரிடம் சொல்வார், தவறாக வந்தவர் "என் ராசி" என்று விட்டுவிடுவார். தலைகீழாகப் பிடிப்பது, நூலில் மோதிரம் கட்டி முட்டைமேல் ஆட்டுவது எல்லாம் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

முட்டை வடிவத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கொலுமெல்லா என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரிலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கோழிகளையே கவனியுங்கள். ஒரு கோழி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் முட்டை இடும். முட்டையைப் பார்த்தே எந்தக் கோழி இட்டது என்று சொல்லிவிடுவீர்கள். அந்தக் கோழியை அடைக்கு வைத்தால் சேவலும் பெட்டையும் கலந்துதானே பொரிக்கின்றன? வடிவம் முடிவு செய்வதாக இருந்தால், ஒரு கோழிக்கு ஆயுசு முழுக்கச் சேவலாகவே பிறக்க வேண்டும்.

இன்குபேட்டர் சூடு வேறு கதை. முதலைக்கும் பெரும்பாலான ஆமைகளுக்கும் மண்ணின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. அதைக் கேள்விப்பட்டு யாரோ கோழிக்குப் பொருத்தியிருக்கிறார்கள். கோழியில் பாலினம் முட்டை வெளியே வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சேவலின் உடலில் இசட் என்ற குரோமோசோம் இரண்டு; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. எனவே தாய்க்கோழியின் கருமுட்டைக்குள் இசட் போனால் சேவல், டபிள்யூ போனால் பெட்டை. மனிதர்களில் அப்பாவிடமிருந்து வருவது முடிவு செய்கிறது, கோழியில் அம்மா முடிவு செய்கிறாள். சேவலை மாற்றினாலும் இந்தப் பாதிக்குப் பாதி மாறாது. விசிறி வைத்த இன்குபேட்டரில் 37.5 டிகிரிக்குக் கீழே சூட்டை இறக்கினால் பொரிப்பு தள்ளிப்போகும், குஞ்சு சோர்ந்து பிறக்கும், இன்னும் இறக்கினால் ஓட்டுக்குள்ளேயே சாகும். பெட்டை கூடாது.

இந்த இசட் விஷயத்தை நினைவில் வையுங்கள். இறக்கையும் வெள்ளைப் பொட்டும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. இரண்டும் பொய்யான முறைகள் அல்ல, உங்கள் கோழிக்குப் பொருந்தாத முறைகள்.

இறக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விரித்தால் ஓரத்தில் குருத்துகள் இரண்டு வரிசையாகத் தெரியும். ஒன்று பின்னால் பெரிய பறக்கும் இறகாக வளரப்போவது, மற்றது அதன்மேல் மூடுகிற இறகு. சில இனங்களில் இறகு சீக்கிரம் முளைக்கும், சிலவற்றில் தாமதம். தாமதமாக முளைக்கும் பண்பு இசட் குரோமோசோமில் இருக்கிறது, மற்றதை அடக்கவும் செய்யும். இப்போது, சீக்கிரம் முளைக்கிற இனத்துச் சேவலையும் தாமதமாக முளைக்கிற இனத்துப் பெட்டையையும் சேர்த்தால் என்ன ஆகும்? தாயின் ஒரே இசட் மகன்களுக்கு மட்டும் போகும். ஆகவே மகன்கள் எல்லாம் தாமதம்: இரண்டு வரிசையும் ஒரே நீளமாக, அல்லது மூடும் இறகு நீண்டு இருக்கும். மகள்களுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே வருவதால் எல்லாம் சீக்கிரம்: பறக்கும் இறகு நீளமாக, மூடும் இறகு குட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் முட்டைக்கோழி ரகங்களில் பெற்றோரை இப்படிக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வதால்தான், பயிற்சி பெற்றவர் குஞ்சைக் கையில் எடுத்த நொடியிலேயே பிரித்துப் போட முடிகிறது.

சிறுவிடையில் தாயும் தகப்பனும் ஒரே கூட்டம். சீக்கிரம் முளைப்பதும் தாமதமாக முளைப்பதும் அதற்குள்ளேயே கலந்து கிடக்கும், அல்லது எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். உங்களிடம் விற்றவர் பார்த்த நீள இறகும் குட்டை இறகும் உண்மைதான். அது சீக்கிரம் முளைக்கும் குஞ்சு எது, தாமதமாக முளைக்கும் குஞ்சு எது என்பதைத்தான் காட்டியது, சேவல் பெட்டையை அல்ல. அந்தப் பெரிய நிறுவனக் குஞ்சுகளையே நீங்கள் வளர்த்து அவற்றுக்குள்ளேயே சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் கலைந்துவிடும்.

வெள்ளைப் பொட்டு அமெரிக்காவின் பழைய இனமான பிளைமௌத் ராக்கிலிருந்து வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே வரி போட்ட கோழி. அந்த வரியை உண்டாக்கும் மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. சேவலுக்கு அது இரண்டு மடங்கு, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. அதனால் சேவல் குஞ்சின் தலைப்பொட்டு பெரிதாக, ஓரம் கலைந்து இருக்கும். பெட்டையின் பொட்டு சிறிதாக, கச்சிதமாக இருக்கும், காலும் கறுத்திருக்கும். 1929-இல் கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் புன்னெட் இந்த வரியை வேறொரு இனத்தில் ஏற்றி, கேம்பார் என்று பிறந்த அன்றே நிறத்தால் பிரிக்கக்கூடிய ஓர் இனத்தையே உருவாக்கினார். வரி போடாத கோழியில் இந்த விதி செல்லாது. உங்கள் கறுப்புக் குஞ்சின் தலையில் வெள்ளை இருந்திருந்தால் அது வெறும் வெள்ளை, அவ்வளவுதான்.

எந்த இனமானாலும் முதல் நாளே பிரிக்கக்கூடிய முறை ஒன்று இருக்கிறது. குஞ்சின் பின்துவாரத்தை விரித்து உள்ளே இருக்கும் கடுகைவிடச் சிறிய ஒரு முனையைப் பார்ப்பது. 1920-களில் ஜப்பானில் கியோஷி மசூய் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஒழுங்குபடுத்தினார்கள். பிறகு ஜப்பானியப் பயிற்சி பெற்றவர்கள் உலகம் முழுக்கக் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு வேலைக்குப் போனார்கள். கைதேர்ந்தவர் மணிக்கு எண்ணூறு, ஆயிரம் குஞ்சு பார்ப்பார், நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தவறும். ஆனால் சில பெட்டைகளிலும் அந்த முனை இருக்கும். அதன் பளபளப்பும் விறைப்பும் எப்படி என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அந்தக் கண் வருவதற்குப் பல்லாயிரம் குஞ்சுகளைப் பார்த்திருக்க வேண்டும். தயவுசெய்து வீட்டில் இதை முயற்சி செய்யாதீர்கள் அம்மா. ஒரு நாள் குஞ்சின் வயிற்றுக்குள் இன்னும் மஞ்சள் கரு இருக்கிறது. கட்டைவிரலால் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் அந்தப் பை உடைந்து குஞ்சு செத்துப்போகும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சிறுவிடையில் ஒரு நாள் குஞ்சை வெளிப்பார்வையால் பிரிக்க முடியாது. அதற்காகக் கூடுதல் காசு கேட்பவரிடம் "கலந்தே கொடுங்கள்" என்று சொல்லி அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

அப்படியானால் எப்போது தெரியும்? இதில் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான். சேவலின் அடையாளம் வந்துவிட்டால் அது சேவல்தான். அந்த அடையாளம் இன்னும் வரவில்லை என்பதால் அது பெட்டை ஆகிவிடாது. ஐந்தாவது வாரத்தில் கொண்டை எழும்பிச் சிவந்துவிட்டதா, சந்தேகமே வேண்டாம். ஆனால் கொண்டை சிறிதாக, வெளுப்பாக இருப்பதற்குப் பெட்டையாக இருப்பது ஒரு காரணம் மட்டுமே. வலுவான சேவல்கள் அதட்டி வைத்திருக்கும் இளைய சேவலுக்கும் கொண்டை ஏறாது. குடற்புழு, ரத்தம் உறிஞ்சும் உண்ணி, தீவனக் குறை எல்லாம் கொண்டையை வெளுக்க வைக்கும். அதனால் "இது சேவல்" என்று சீக்கிரம் சொல்லலாம், "இது பெட்டை" என்று சொல்வதற்கு மட்டும் பொறுக்க வேண்டும். சந்தையில் இது தலைகீழாக நடக்கிறது. பெட்டை என்று எழுதி முதல் நாளே விற்கிறார்கள்.

முதல் வாரத்தில், முதுகில் அணில்போலக் கோடு ஓடுகிற குஞ்சுகளில் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. கண்ணிலிருந்து பின்னால் போகும் கோடு மை தீட்டியதுபோல் கறுத்துத் தெளிவாக இருந்தால் பெட்டையாக இருக்க வாய்ப்பு கூடுதல், மங்கி முடியோடு கலந்திருந்தால் சேவல் பக்கம். சில வெளிநாட்டு இனங்களில் இதை ஓரளவு நம்பலாம். நம் கலப்பு நிறக் கூட்டங்களில் பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பமாட்டேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை இறகு பேச ஆரம்பிக்கும். பெட்டைக்கு வாலும் தோள் இறகும் முந்திக்கொள்ளும், சேவலுக்கு வால் மொட்டையாகவும் முதுகும் தோளும் வெற்றுத்தோலாகவும் கொஞ்ச நாள் நிற்கும். ஒரே நாளில் பொரித்த ஒரே இனக் குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது உதவும். தனியாக ஒரு குஞ்சின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "என்ன சார்?" என்று கேட்டால் எனக்கும் தெரியாது. இந்த வயதில் ஒன்றுக்கொன்று நெஞ்சு நிமிர்த்தி மோதிக்கொள்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெட்டையும் மோதும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கொண்டை, தாடி, கால் தடிமன் மூன்றும் சேர்ந்து வந்தால் சேவலைப் பொறுக்கிவிடலாம். காட்டுக்கோழி நிறம் கொண்டவற்றில் நெஞ்சைப் பாருங்கள். சேவலுக்கு நெஞ்சில் கறுப்பு இறகு முளைக்கும், பெட்டைக்கு நெஞ்சு வெளிறிய செம்பழுப்பாகவே இருக்கும். கொண்டையைவிட இதை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் நோயும் பயமும் இறகின் நிறத்தை மாற்றுவதில்லை. முழுக் கறுப்பு, முழு வெள்ளைக் கோழிகளுக்குத்தான் இந்த வசதி இல்லை.

பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்தில் இடுப்பு இறகு வந்துவிடும். முதுகு வாலோடு சேரும் இடத்தில் இறகைப் பிரித்து, ஒன்றிரண்டை விரலால் நீவிப் பாருங்கள். சேவலின் இறகு ஒடுங்கி, நுனி கூர்மையாக, மினுமினுப்பாக இருக்கும். பெட்டையின் இறகு அகன்று நுனி வட்டமாக இருக்கும். சூலகத்தில் சுரக்கும் ஹார்மோன்தான் பெட்டையின் இறகை வட்டமாக்குகிறது. சூலகம் கெட்டுப்போன கிழட்டுக் கோழி சேவல் இறகு போட்டுக் கூவவும் செய்வது இதனால்தான். அதை அபசகுனம் என்று ஊரில் அறுத்துவிடுவார்கள். உங்கள் இளங்குஞ்சுகளுக்கு அந்தக் குழப்பம் வராது. கூர்மையான இடுப்பு இறகு ஒன்று கண்ணில் பட்டால் அது சேவல், அத்தோடு முடிந்தது.

பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அசில் என்ற சண்டைக்கோழி வழி வந்த இந்தக் கோழிகளுக்குக் கொண்டை தட்டையாக, மூன்று வரிசை மேடாகத் தலையோடு ஒட்டியிருக்கும். எல்லாக் குஞ்சுக்கும் இறகும் தாமதம். சிறுவிடையில் எட்டு வாரத்தில் தெரிவது அவற்றில் மூன்று நான்கு மாதம்வரை இழுக்கும். காலையும் எலும்பின் கனத்தையும் பாருங்கள். கடக்நாத் என்ற கருங்கோழியில் கொண்டையே கறுப்பு என்பதால் சிவப்பைத் தேடிப் பயனில்லை. கொண்டையின் உயரத்தையும் அப்புறம் இடுப்பு இறகையும்தான் நம்ப வேண்டும்.

இனி உங்கள் மூன்றுக்கு வருவோம். செவலையின் நெஞ்சு செம்பழுப்பாக இருந்து கறுப்பு எதுவும் கலக்காமல் இருந்தால் பத்து வாரத்தில் தாராளமாகப் பெட்டைக் கணக்கில் சேர்க்கலாம். கறுப்பு எனக்குச் சேவல் என்றே படுகிறது. கால் தடிமனாக இருந்து கொண்டை மட்டும் ஏறாமல் இருப்பது, பன்னிரண்டு சேவல்களுக்கு நடுவே அடங்கிப்போன ஒன்றின் தோற்றம். அந்தப் பன்னிரண்டையும் தனியே பிரித்தால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் கொண்டை எழும்பினாலும் எழும்பும். எப்படியும் பதினாலாவது வாரத்தில் இடுப்பு இறகைப் பாருங்கள். அதுவரை முட்டைக்கோழி எண்ணிக்கையில் வைக்காதீர்கள்.

பிரித்த சேவல்களை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பெரிய முட்டைக்கோழி நிறுவனங்களுக்குத்தான் சேவல் குஞ்சு தேவையற்றது. முதல் நாளே கொன்றுவிடுவது அங்கே பல காலமாக வழக்கம். ஜெர்மனி 2022 முதல் அதைச் சட்டத்தால் தடுத்து, முட்டைக்குள்ளேயே பாலினம் பார்க்கும் கருவிகளுக்கு மாறியது. நம் நாட்டுக்கோழியில் சேவலுக்குத்தான் விலை. தையில் பிறந்தவை ஆடிக்கு ஆறு மாதச் சேவல்களாக இருக்கும். குலதெய்வக் கோயிலுக்குச் சேவல் தேடி ஆட்கள் வீட்டுக்கே வருகிற மாதம் அது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்த ஒன்றையும் இந்தக் கூட்டத்திலிருந்து எடுக்காமல் வேறு ஊரிலிருந்து வாங்குங்கள். இவை ஒரே இடத்துக் குஞ்சுகள், அண்ணன் தங்கையாகக்கூட இருக்கலாம்.

அடுத்த முறைக்கு இரண்டு வழி. கலந்த குஞ்சாக வாங்குவதானால், பத்துப் பெட்டை வேண்டுமென்றால் 20 போதாது. உயிரோடு 30 நின்றால் அவற்றில் பத்தாவது பெட்டையாக இருப்பது நூறு தடவையில் 97, 98 தடவை நடக்கும். சாவுக்கு நாலைந்து சேர்த்து வாங்குங்கள். வளர்க்க இடமில்லை என்றால் மூன்று மாத வெடைக்கோழியாகவே (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டை) வாங்கிவிடுங்கள். விலை அதிகம்தான். ஆனால் புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கூண்டு) செலவும் சாவும் போக, கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. இடுப்பு இறகை நீங்களே பார்த்து எடுக்கலாம்.

யாராவது புது முறை ஒன்றைச் சொல்லி உங்களுக்கு ஆசை வந்தால் சோதித்துப் பாருங்கள், தடையில்லை. 50 குஞ்சுக்கு முதல் நாளே சேவல், பெட்டை என்று யூகித்து, காலில் இரண்டு நிற வளையம் போட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். கால் பருக்கும் என்பதால் வளையத்தை அடிக்கடி தளர்த்த வேண்டும். பதினாலாவது வாரத்தில் 35 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் எனக்கு எழுதுங்கள். வெறும் யூகத்தில் அப்படி வருவது ஆயிரத்தில் மூன்று நான்கு முறைதான், நானும் வந்து கற்றுக்கொள்கிறேன். 27, 28 வந்தால் அந்த நோட்டைத் தூக்கிப் போடலாம்.

கடைசியாக அந்தச் சாம்பல் நிறம். அது சேவலா பெட்டையா என்பது இப்போது முக்கியமில்லை. கொண்டை வெளுத்து, ஓரமாக நின்று, எச்சமும் கெட்டிருந்தால் அது நோயாளி. இன்றைக்கே தனிக் கூண்டில் வைத்து, எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கோழியோடு போங்கள். குடற்புழுவா, ரத்தக்கழிச்சலா என்று பார்த்து மருந்து கொடுப்பார்கள். எட்டாவது வாரத்தில் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. போடவில்லை என்றால் அதையும் அங்கே சொல்லி, மற்ற 22-க்கும் எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நோய் இருக்கும்போது ஊசி போடக் கூடாது, அதனால் எந்த நாளில் போடுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.